எறும்பு தின்ற இருபத்தொரு நாள்

சின்னவளுக்கு நாற்பத்தைந்து வயது. அந்த வயதில் ஒருத்தியைச் சின்னவள் என்று கூப்பிட வேண்டுமானால் வீட்டில் அவளுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாக வேண்டும். இருந்தாள். பெரியவளுக்கு ஐம்பத்துநான்கு. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. அக்காவும் தங்கையும் இரண்டாவது மாடியில் ஒரு சின்ன வீட்டில், ஒருத்தியை ஒருத்தி குறை சொல்லிக்கொண்டு, மற்றபடி நிம்மதியாகக் காலம் தள்ளினார்கள்.

பெரியவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு மறுபக்கம் மடிப்புக் கலையாமல் எடுக்கிற இயந்திரம் ஒன்று அங்கே உண்டு. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரிப்பை உள்ளே கொடுக்க வேண்டும். முப்பத்தொரு வருடமாக வலது முனை பெரியவளுடையது. இடது முனைக்கு எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். உட்கார்ந்துகொண்டு செய்கிற வேலை இல்லை அது. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "அந்த உருளையத்தான் கட்டிக்கிட்டேன். எப்பவும் சூடாத்தான் இருக்கும், ஆனா எதிர்த்துப் பேசாது" என்பாள். உண்மைக் காரணம் சின்னவளின் படிப்பு. அதை அவள் வாயால் சொன்னதே கிடையாது. சொல்லாமல் விட்டதுதான் சின்னவளுக்குப் பெரிய பாரமாக இருந்தது.

இப்போது பெரியவளின் முழங்கால்கள் இரண்டும் வீங்கிக் கிடந்தன. டாக்டர் நிற்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். "கால் ரெண்டும் எப்பவோ ராஜினாமா குடுத்துடுச்சு. நான்தான் இன்னும் குடுக்கல" என்று அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவாள். சின்னவளுக்கு நிரந்தர வேலை கிடைத்த அன்றைக்கு அக்கா ஓய்வு வாங்கிக்கொள்வது என்று இருவருக்கும் பேச்சு. அந்தப் பேச்சுக்கே ஆறு வயதாகிவிட்டது.

சின்னவள் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக ஆராய்ச்சியாளர். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் இன்னொரு வருடத்துக்கு நீட்டித்து ஒரு தாள் வரும். வராமல் போய்விடுமோ என்று ஒரு மாதம் வயிற்றில் புளியைக் கரைக்கும். வந்ததும் அதை மடித்து வைத்துவிட்டு மறுபடியும் பாசியைக் கரைக்கப் போய்விடுவாள். கடல்பாசிதான் அவள் வேலை. பழுப்பு நிறக் கடல்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட் என்கிற மாவை வைத்து, பிளாஸ்டிக் மாதிரியே இருக்கிற, ஆனால் மண்ணில் போட்டால் மக்கிப் போகிற மெல்லிய தாளைச் செய்ய வேண்டும். அந்தத் தாளில் நாற்றுப் பை தைத்தால் செடியைப் பையோடு சேர்த்தே குழியில் வைத்துவிடலாம். பை மக்கிவிடும், வேர் தன்பாட்டுக்கு ஓடும். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மாவை அவசரப்பட்டுத் தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். பிறகு நாள் முழுக்கக் கலக்கினாலும் அது கரையாது. சிட்டிகை சிட்டிகையாகத் தூவ வேண்டும். கலக்கிய கூழில் காற்றுக் குமிழி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். தட்டில் ஊற்றி மட்டம் பார்த்து, மிதமான சூட்டில் உலர்த்தி, கால்சியம் கரைசலில் முக்கி எடுத்தால் தாள் இறுகும். இறுகியதைத் தட்டிலிருந்து கிழியாமல் உரித்து எடுப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். அப்படியும் வெறும் பாசித் தாள் சருகு மாதிரி நொறுங்கும். அதற்கு வளைந்து கொடுக்கிற குணம் வர வேண்டுமென்றால் கொஞ்சம் கிளிசரின் சேர்க்க வேண்டும். எவ்வளவு சேர்ப்பது என்று கண்டுபிடிக்கவே அவளுக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

அதற்குப் பிறகு புதைப்பு. ஆய்வகத்துக்குப் பின்னால், தோட்டத்தைப் பார்த்த தாழ்வாரத்தில், ஒரு மேசை மேல் வரிசையாக மண் பெட்டிகள் இருந்தன. தாளை விரல் நீளத்துக்கு வெட்டி, எடை போட்டு, வலைப்பைக்குள் இட்டு மண்ணில் புதைப்பாள். வாரம் ஒருமுறை தோண்டி எடுத்து, சின்னத் தூரிகையால் மண்ணைத் தட்டி, கழுவி, உலர்த்தி, மறுபடி எடை போடுவாள். அது கரைந்து காணாமல் போகும்வரை இப்படியே போகும். உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் செய்த பொருள் கெடாமல் இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறார்கள், தான் மட்டும் செய்தது சீக்கிரம் ஒழிய வேண்டுமென்று தவம் கிடக்கிறோமே என்று அவளுக்கே சில நாள் அலுத்துப்போகும்.

தவம் பலித்தது. கிளிசரின் சேர்த்த தாள் இருபத்தொரு நாளில் ஒரு துணுக்குகூட மிச்சமில்லாமல் போயிற்று. கிளிசரின் குறையக் குறைய நாள் கூடிற்று. கிளிசரினே இல்லாத தாள் அப்படியே கிடந்தது. வரைபடத்தில் புள்ளிகள் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி உட்கார்ந்தன. பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அன்றிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அவர் பேச்சு "இருபத்தொரு நாள்" என்றுதான் ஆரம்பிக்கும். முதுகுக்குப் பின்னால் அவருக்கு இருபத்தொண்ணு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆய்வுக் கட்டுரை ஒரு பத்திரிகையில் ஏற்கப்பட்டது. ஆசிரியர் பட்டியலில் முதல் பெயர் சின்னவளுடையது. அவள் பெயர் முதலில் வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதற்கு முன்பெல்லாம் கடைசிக்கு முந்தின இடம், அல்லது நன்றி என்கிற பகுதியில் ஒரு வரி.

அதே மாதம் நிலையத்தில் ஒரு நிரந்தரப் பணியிடம் வந்தது. "நேர்முகம் சும்மா பேருக்குத்தான். இருபத்தொரு நாளைச் சொல்லுங்க, போதும்" என்றார் பேராசிரியர்.

சின்னவள் அன்று வீட்டுக்கு வரும்போது மிஞ்சிய தாள் ஒன்றை அக்காவிடம் காட்ட எடுத்து வந்தாள். ஆறு வருடமாகத் தங்கை என்ன செய்கிறாள் என்று பெரியவள் பார்த்ததே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். துணி பார்க்கிறவள் பார்க்கிற மாதிரி பார்த்தாள். இரண்டு விரலால் நெருடி, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை இழுத்துப் பார்த்து, "நல்ல நெருக்கம். இஸ்திரி தாங்குமா?" என்று கேட்டாள். 

"கருகிடும்க்கா."

"அப்ப எங்க ஊட்டுக்காரர்கிட்டக் காட்டக் கூடாது" என்று உருளையைச் சொல்லிவிட்டு, கூடத்து அலமாரியில் கடிகாரத்தின் மேல் அதைச் சாய்த்து வைத்தாள். படிப்புக்கு வாங்கிய பட்டங்கள் எதையும் அவள் அந்த வீட்டில் மாட்டியதில்லை. இதை வைத்தாள்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து தங்கை முன்னால் போட்டாள். "உன் கையெழுத்து நல்லாருக்கும். எனக்கு ஓய்வுக் கடிதம் எழுதிக் குடு. ஒரு மாசம் முன்னாடியே குடுக்கணுமாம். இப்பக் குடுத்தாத்தான் உனக்கு ஆர்டர் வர்ற நேரத்துல எனக்கும் விடுதலை."

"நேர்முகம் முடியட்டுமேக்கா."

"அதான் உங்க சார் பேருக்குத்தான்னு சொல்லிட்டாரே. எழுதுடி."

சின்னவள் எழுதினாள். முழங்கால் வலி, முப்பத்தொரு வருட சேவை, தயவுசெய்து விடுவிக்குமாறு. தேதி எழுதப் போனபோது பெரியவள் தடுத்தாள். "தேதி போடாத. குடுக்கிற அன்னைக்கு நானே போட்டுக்கறேன்." அப்புறம் அந்தக் கடிதத்தின் மேல் ஒரு கைக்குட்டையை விரித்து இஸ்திரி போட்டு வைத்தாள். அவள் கையில் கிடைத்த எதுவும் சுருக்கத்தோடு வெளியே போகாது.

நாலு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, சின்னவள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து குரல் வந்தது.

"சின்னவளே, உன் பாசியை எறும்பு திங்குதுடி! சக்கரை போட்டுச் செஞ்சியா?"

ஜன்னல் கட்டையிலிருந்து சுவரோரமாக இறங்கி, அலமாரியின் காலில் ஏறி, கடிகாரம்வரை ஒரு சிவப்புக் கோடு போயிருந்தது. சின்னச் சின்ன எறும்புகள். தாளின் நாலு ஓரத்திலும் மொய்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் இம்மி இம்மியாகக் கடித்து எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தது. கடித்த இடமெல்லாம் நகம் வெட்டிய மாதிரி சின்னச் சின்னப் பிறை.

சின்னவள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பிறைகளை அவளுக்கு நன்றாகத் தெரியும். கட்டுரையில் மூன்றாம் படமே அதுதான். பதினாலாம் நாள் மண்ணிலிருந்து எடுத்த தாளின் ஓரம். அதற்குக் கீழே "விளிம்பிலிருந்து உள்நோக்கி நிகழும் சீரான அரிப்பு" என்று அவளே எழுதியிருந்தாள். அந்த வாக்கியத்துக்காக இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள்.

கிளிசரின் இனிக்கும். அது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதா? தெரியும். எறும்புக்கும் தெரியும் என்பதுதான் அவளுக்குத் தோன்றவில்லை.

"தண்ணிக் கிண்ணத்துல வச்சாத் தீர்ந்தது. இதுக்குப் போய் ஏன் மூஞ்சி இப்படிப் போச்சு?" என்றாள் பெரியவள். 

"ஒண்ணுமில்லக்கா."

பெரியவள் அவள் கையிலிருந்த பூதக்கண்ணாடியைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். கந்தலை நனைத்து வந்து எறும்பைத் துடைத்தாள்.

திங்கட்கிழமை காலை சின்னவள் யாரும் வருமுன் ஆய்வகத்துக்குப் போய்த் தாழ்வாரத்தில் நின்றாள். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மேசையின் பின்கால் வழியாகச் சிவப்புக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. அது நேற்று வந்ததல்ல. ஒரு வருடமாக அவள் அதைப் பார்த்திருக்கிறாள். தோண்டி எடுக்கிற ஒவ்வொரு முறையும் வலைப்பையின் மேல் நாலைந்து எறும்பு இருக்கும். மண்ணைத் தட்டுகிற அதே தூரிகையால் அவற்றையும் தட்டிவிட்டு, தாளை எடை போடப் போவாள். மண் என்றால் எறும்பு இருக்கத்தானே செய்யும்? வலையும் அவள் தேர்ந்தெடுத்ததுதான். நெருக்கமான வலை வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள் என்று வெங்காய மூட்டையின் வலையை வெட்டித் தைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணில் எறும்பு குடும்பத்தோடு போய்வரலாம். கிளிசரின் அதிகமான தாள் முதலில் போனது, குறைவானது பிறகு போனது, இல்லாதது போகவே இல்லை. வரைபடம் அவ்வளவு நேராக வந்ததற்கு இதுதான் காரணம். அவள் ஒரு வருடமாக அளந்தது எறும்பின் நாக்கை.

அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுதிருக்கலாம். அதற்கும் சோம்பலாக இருந்தது.

நிலையத்துச் சமையலறையிலிருந்து நாலு கிண்ணம் எடுத்து வந்து தண்ணீர் ஊற்றினாள். வேறொரு சின்ன மேசையை இழுத்து அதன் நாலு காலையும் கிண்ணங்களில் நிறுத்தினாள். புது மண், புதுத் தாள், அதே கிளிசரின் அளவு, அதே வலை. புதைத்துவிட்டுத் தேதி எழுதினாள். நேர்முகத்துக்குப் பதினாறு நாள் இருந்தது.

அன்று காலை பெரியவள் வேலைக்குக் கிளம்பும்போது இஸ்திரி போட்ட கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்ததைச் சின்னவள் பார்த்திருந்தாள். கொடுக்காதே என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் அந்தக் கால்களுக்கு என்ன பதில் சொல்வது? மண் பெட்டியைப் பார்க்காமல் எதுவும் நிச்சயமில்லையே என்று தனக்குத்தானே சால்ஜாப்பு சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். சாயந்திரம் அக்கா வந்ததும் கடிதத்தைக் கொடுத்தாயா என்று கேட்க நாக்கு எழவில்லை. பெரியவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடுகிற லட்சணத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள்.

ஏழாம் நாள் தோண்டினாள். தாள் வெட்டி வைத்த மாதிரியே இருந்தது. நாலு ஓரமும் நேர். கிளிசரின் ஈரத்தில் கரைந்து போன எடை மட்டும் குறைந்திருந்தது. பழைய கணக்குப்படி இந்நேரம் மூன்றில் ஒரு பங்கு போயிருக்க வேண்டும். பதினாலாம் நாளும் அதே கதை. லேசாக நிறம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். கெட்டிக்காரத் தாள். அவள் செய்த தாள்களிலேயே நல்ல தாள். இழுத்துப் பார்த்தாள், கிழியவில்லை. அது கிழிந்திருந்தால் அவள் சந்தோஷப்பட்டிருப்பாள்.

எறும்பு கடித்த பழைய தாளையும் இந்தப் புதுத் தாளையும் எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார், கடைசியில் நாற்காலியில் சாய்ந்தார்.

"எறும்பும் மண்ணுல இருக்கிற உயிர்தானே? கிருமி தின்னா மக்குறதுன்னு சொல்றோம். எறும்பு தின்னா மட்டும் ஏன் சொல்லக் கூடாது?"

"மக்குறதுன்னா இருந்த இடத்துலயே மக்கணும் சார். எறும்பு இதைத் தூக்கிட்டுப் போய்ச் சுவத்து இடுக்குல வச்சிருக்கு. நாளைக்கு எறும்பே இல்லாத தோட்டத்துல ஒருத்தர் இந்தப் பையில செடி வச்சா, பை அப்படியே இருக்கும். வேர் உள்ளேயே சுத்திச் சுத்திச் செத்துப்போகும்."

 கெட்ட மனிதர் இல்லை அவர். இத்தனை வருடத்தில் அவளிடம் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை, நீட்டிப்புத் தாளுக்காக மாடி மாடியாக ஏறி இறங்கியிருக்கிறார். அவர் கண்ணுக்குக் கீழும் பை தொங்கிற்று.

"நான் எனக்காகச் சொல்லல. எனக்கு இன்னும் ஒண்ணரை வருஷம், அப்புறம் வீட்டுல உக்காந்து பேப்பர் படிக்கப் போறேன். உங்களுக்கு இந்த மாதிரி இன்னொரு இடம் எப்ப வரும்னு எனக்கே தெரியாது. புதன்கிழமை முடியட்டும். உள்ள போய் உக்காந்துட்டு, நிதானமா ஒரு திருத்தம் அனுப்பலாம். யாரு கேக்கப் போறாங்க?"

அவள் தாள்களை எடுத்துக்கொண்டாள். "வரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவர் சொன்னதையே நினைத்தாள். தப்பென்று தோன்றவில்லை. ஒரே ஒரு புதன்கிழமை. அக்காவின் கடிதம் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது. வலது முனைக்கு வேறு ஆளைப் பார்த்திருப்பார்கள். இப்போது தானும் வாயைத் திறந்தால் இருவரில் ஒருத்திக்கும் நிலையான வேலை இல்லை. முப்பத்தொரு வருடம் நின்ற கால்களைவிட எறும்பு பெரிதா? இல்லை என்றுதான் மனசு சொல்லிற்று. சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் படுத்தாள்.

புதன்கிழமை காலை பெரியவள் அவள் புடவையை இஸ்திரி போட்டுத் தயாராக வைத்திருந்தாள். கத்தி மாதிரி மடிப்பு. கொசுவத்தைத் தரையில் முட்டி போட்டுச் சரிசெய்யப் பார்த்தாள், முட்டி மடங்கவில்லை. "நீயே பாத்துக்கடி" என்று நிமிர்ந்துவிட்டாள்.

நேர்முக அறையில் மூன்று பேர். நடுவில் தலைவர் அம்மாள், இடப்பக்கம் நிர்வாக அதிகாரி, வலப்பக்கம் வெள்ளை மீசையோடு ஒரு மண் நிபுணர். நிபுணர் ஆரம்பத்திலிருந்தே கண்ணை மூடிக்கொண்டிருந்தார். யோசிக்கிறாரா தூங்குகிறாரா என்று சொல்ல முடியாது. சின்னவள் பாசியைப் பற்றிச் சொன்னாள். மாவைத் தூவுவது, குமிழி, உரித்து எடுப்பது எல்லாம் சொன்னாள். கை வந்த வேலை என்பதால் தங்குதடையில்லாமல் வந்தது. தலைவர் அம்மாள் கட்டுரையைப் புரட்டிக்கொண்டே தலையசைத்தாள். மூன்றாம் படத்தில் ஒரு கணம் நின்று, "அழகா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பேராசிரியர் சொன்னது சரிதான். பேருக்குத்தான்.

"நல்லது. நீங்க வேற ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

நன்றி என்று சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான் பாக்கி. அவள் அந்தச் சொல்லைத் தயாராக வைத்திருந்தாள். அப்போது அவளுக்கு வரப்போகிற வருடங்கள் கண் முன்னால் வந்தன. பெரிய தோட்டத்தில் சோதனை என்பார்கள், இருபத்தொரு நாள் காட்ட வேண்டும். இன்னொரு நிலையம் செய்து பார்த்துவிட்டு எங்களுக்கு வரவில்லையே என்று எழுதும், பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் பேராசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையசைக்க வேண்டும். ஓய்வு பெறும்வரை ஒரு நாளாவது எறும்பைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? பொய்யைச் சொல்வது பெரிய காரியமில்லை. அதைத் தினமும் எழுப்பிக் குளிப்பாட்டிச் சோறு போட்டு வளர்க்க வேண்டும். அவ்வளவு தெம்பு அவளிடம் இல்லை. பெரிய நேர்மையெல்லாம் இல்லை, அவள் அப்படி நினைக்கவும் இல்லை. அவளுக்கு அசதியாக இருந்தது.

"மூணாவது படத்துல இருக்கிறது அரிப்பு இல்லைங்க. எறும்பு கடிச்சது" என்றாள்.

சொல்ல ஆரம்பித்ததும் முழுவதும் வந்துவிட்டது. வெங்காய வலை, தூரிகை, தண்ணீர்க் கிண்ணம், நேராக நின்ற ஓரம். நிர்வாக அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார். தலைவர் அம்மாள் மூன்றாம் படத்தைத் திரும்ப எடுத்து முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் மண் நிபுணர் கண்ணைத் திறந்தார்.

"கறுப்பா, சிவப்பா?"

"சிவப்புங்க. சின்னது."

அவர் தலையாட்டிவிட்டு முன்னால் இருந்த தாளில் எதையோ குறித்துக்கொண்டார். அந்த அறையில் அவளைப் பற்றி யாராவது ஏதாவது எழுதினார்கள் என்றால் அது ஒன்றுதான்.

நாலு மணிக்குப் பட்டியலை ஒட்டினார்கள். தேர்வானவர் வேறு யாரோ. பேராசிரியர் நடையில் எதிரே வந்தார், நின்றார், அவள் தோளுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் எடுத்துக்கொண்டார். "பத்திரிகைக்கு நாளைக்கே எழுதிடலாம். கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கறோம்னு. சேர்ந்தே எழுதுவோம்" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே போனாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

பெரியவள் கூடத்தில் காலை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு பார்வையிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

"என்ன ஆச்சு?"

"கிடைக்கலக்கா. எறும்பு தின்னதச் சொல்லிட்டேன்."

பெரியவள் துணியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் கை நின்றது.

"ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" குரல் உடைந்து வந்தது. "ஒரே ஒரு நாள். எனக்காக."

சின்னவளுக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தாள். கத்தி மடிப்புப் புடவை கசங்கிற்று. "இருக்கணும்னுதாங்க்கா போனேன். மன்னிச்சுக்கக்கா. உன் கடிதத்தத் திருப்பிக் கேட்டா குடுப்பாங்களா? நான் வந்து பேசவா? தப்பா எழுதிக் குடுத்துட்டேன்னு…"

"அந்தப் பையை எடு."

ஆணியில் மாட்டியிருந்த கைப்பையை எடுத்துக் கொடுத்தாள். பெரியவள் அதைத் திறந்து, சீப்பு, மாத்திரை அட்டை, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் மடியில் வைத்துவிட்டு, அடியிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்தாள். நாலாக மடித்தது. மடிப்பில் ஒரு கோணல் இல்லை. சின்னவள் அதைப் பிரித்தாள். அவள் கையெழுத்தேதான். தேதி போட விட்ட இடம் காலியாகவே இருந்தது.

"குடுக்கலயா?"

"அந்த ஞாயித்துக்கிழமை நீ கண்ணாடிய வச்சுக்கிட்டு எறும்பப் பாத்தியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. இவ இதை எங்கயாவது போய்ச் சொல்லித்தான் தீருவான்னு. தினமும் பையில வச்சுக் கொண்டுபோனேன். ஒருவேளை சொல்ல மாட்டியோன்னு ஒரு ஆசை. ஆபீசு மேசை முன்னாடி போய் நிப்பேன், திரும்பிடுவேன்." மூக்கை உறிஞ்சினாள். "நாப்பத்தஞ்சு வருஷமா உன்னப் பாக்கறேன். எனக்குத் தெரியாதா?"

சின்னவள் வெங்காய வலையிலிருந்து தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திய பெட்டிவரை எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டினாள். அக்காவின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மண் பெட்டிக்கு முன்னால் சோம்பல்பட்ட அழுகை. பெரியவள் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, "போதும், கால் வலிக்குதுடி, விடு" என்றாள்.

அவள் விட்டாள். பெரியவள் கடிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, பைக்குள் வைத்தாள். மறுபடி முழங்காலுக்குத் துணி சுற்ற ஆரம்பித்தாள்.

"அந்தத் தண்ணிக் கிண்ணம் வச்ச பெட்டி இருக்கா இன்னும்?"

"இருக்கு."

"அது எப்பத்தான் மக்கும்?"

"தொண்ணூறு நாள் பாக்கணும். பதினாறு போயிடுச்சு. இன்னும் எழுபத்து நாலு."

"கிண்ணத்துத் தண்ணி காஞ்சிடாமப் பாத்துக்க." துணியின் முனையை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தாள். கால் கொஞ்சம் நடுங்கிற்று, பிறகு அடங்கிற்று. "எழுபத்து நாலு நாள்தானே? நின்னுடறேன்."